தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? டெல்டா நகர மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளிலும், மயிலாடுதுறை, சீர்காழி, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் நகராட்சிகளிலும் மக்கள் வாக்கால் அமர்ந்திருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டத்து அஜெண்டாவில் அறுபது எழுபது பொருள் இருக்கும். குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்கு, கடை ஏலம், குப்பை வண்டிக்கு டயர் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு வரி வரும்: 'வார்டு எண் 14, மேலத்தெருவில் 300 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் அமைத்தல், மன்றத்தின் அனுமதிக்கு.' பின்வரிசையிலிருந்து 'ஆல் பாஸ்' என்று ஒரு குரல். அந்த வரியும் மற்றவற்றோடு சேர்ந்து பாஸாகிவிடும். அதில் தெரு இருக்கிறது, நீளம் இருக்கிறது, மதிப்பீட்டுத் தொகையும் இருக்கிறது. தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பது மட்டும் இல்லை. இந்த மடல் அந்த ஒரு விடுபாட்டைப் பற்றியது.

டெல்டாவின் சரிவை முதலில் மனத்தில் வையுங்கள். கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர், மயிலாடுதுறை சுமார் 11 மீட்டர். இடைத்தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இறக்கம், 2500-க்கு 1. கண்ணுக்குத் தெரியாத சரிவு இது. தெருவை ஒட்டி, தெரு போன போக்கில் வடிகால் கட்டினால் இந்தச் சரிவுதான் கிடைக்கும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட சாதாரண கான்கிரீட் வடிகால் இந்தச் சரிவில் முழுதாக ஓடினாலும் வேகம் நொடிக்கு 0.45 மீட்டரைத்தான் தொடும். மண்ணும் குப்பையும் அடியில் தங்காமல் அடித்துச் செல்ல 0.6 மீட்டராவது வேண்டும் என்பது பொறியாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆகவே கட்டிய அன்றே தூர் சேரத் தொடங்கிவிடும்.

அதே வடிகாலுக்கு 1000-க்கு 1 சரிவு கொடுத்தால் வேகம் 0.7-ஐத் தாண்டும். நொடிக்கு 260 லிட்டர் கடத்தும். ஆனால் அதற்கு விலை உண்டு. தரை கிலோமீட்டருக்கு 40 செ.மீ. இறங்கும்போது வடிகால் 100 செ.மீ. இறங்கியாக வேண்டும். போகப்போகப் பள்ளம் ஆழமாகும், கம்பியும் கான்கிரீட்டும் கூடும், பக்கத்து வீட்டு அஸ்திவாரம் தட்டுப்படும், குடிநீர்க் குழாய் குறுக்கே வரும். ஒப்பந்ததாரருக்கு இவையெல்லாம் தலைவலி. மட்டம் பார்க்காமல் 'ஒரே ஆழம்' என்று இழுத்துவிட்டால் வேலை சுலபம். அடிமட்டம், அதாவது வடிகால் தரை நிற்கும் உயரம், எழுதாத மதிப்பீட்டில் அதைத் தவறு என்று யாரும் சொல்லவும் முடியாது.

சரிவை விடப் பெரிய சிக்கல் வடிகாலின் கடைசியில் காத்திருக்கிறது.

டெல்டாவில் பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். ஆறும் வாய்க்காலும் இருபுறமும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதால் அவை முதுகுத்தண்டு போல உயரத்திலேயே போகும். பல இடங்களில் வாய்க்கால் தரையே பக்கத்துத் தெருவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். வயலை வடியவிடும் வடிவாய்க்கால் வேறு, தலைமதகு வைத்துத் தண்ணீர் எடுத்துவரும் பாசன வாய்க்கால் வேறு. திருவாரூர், நாகைப் பக்கம் கடைமடையில் இரண்டு வேலையையும் ஒரே ஆறு பார்ப்பதும் உண்டு. விவசாயி இந்த வேறுபாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நகராட்சி மதிப்பீட்டில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர்: 'அருகிலுள்ள வாய்க்காலில் இணைத்தல்'.

இதில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தெரு சமமாக இருக்கிறது என்று கொள்வோம். மேலே சொன்ன 300 மீட்டர் வடிகால் சாலை மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே தொடங்குகிறது. 1000-க்கு 1 சரிவில் 30 செ.மீ. இறங்கி 90 செ.மீ. ஆழத்தில் வாய்க்காலில் சேருகிறது. பங்குனி, சித்திரையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். திறப்பு விழா அன்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அழகாக ஓடும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. தண்ணீர் வந்தபின், அல்லது ஐப்பசி அடைமழையில், அந்த வாய்க்கால் நீர்மட்டம் சாலைக்கு 50 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகாலின் கடைசியில் 40 செ.மீ. தண்ணீர் நிற்கும். தொடக்கப் புள்ளியில்கூட 10 செ.மீ. நிற்கும். 300 மீட்டரும் நிற்கும் தண்ணீர், அதுவும் மழை ஒரு துளி விழுவதற்கு முன்னால். மழை கொட்டும்போது ஆற்றுத் தண்ணீரே தெருவுக்குள் ஏறிவரும். 'வடிகால் கட்டினாங்க, அதுக்கு அப்புறம்தான் வீட்டுக்குள்ள தண்ணி வருது' என்று மக்கள் சொல்வது புலம்பல் இல்லை, உண்மை. வாய்க்காலுக்கு ஒரு வழி திறந்துவிட்டது நாம்தான்.

எனவே மன்றத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சேருமிடத்தின் அடிமட்டம் என்ன, அங்கே ஐப்பசி–கார்த்திகையில் நிற்கும் நீர்மட்டம் என்ன? இரண்டு எண்கள். வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால் மதகடியில் அளவுக்கல் இருக்கும், அந்தத் துறையின் பிரிவு அலுவலகத்தில் மட்டம் கிடைக்கும். அதுவும் இல்லை என்றால் கரையில் குடியிருப்பவர் சுவரில் நீர்க்கோட்டின் கறை இருக்கும், அதை எடுத்து மட்டக்கருவியில் சேர்த்தால் போதும். இணைப்புக்கு அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கழிவுநீர் கலந்த வடிகாலைப் பாசன வாய்க்காலில் விடுவது 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது. அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் கீழே ஒருவர் நாற்றங்கால் விடுகிறார்.

நீர்மட்டம் உயரமாக இருக்கிறது என்று தெரிந்தபின் என்ன செய்வது? வடிமுனையில் ஒருவழிக் கதவு வைக்கலாம். வெளியே தண்ணீர் உயர்ந்தால் தானே மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. கீலில் ஒரு தேங்காய் மட்டையோ பிளாஸ்டிக் பையோ சிக்கினால் மூடாது, ஆகவே அதற்கு முன்னால் கம்பிவலையும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளும் வேண்டும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் தெருவின் தண்ணீர் எங்கே நிற்கும் என்ற கேள்வி அப்போதும் மிச்சம்.

'மோட்டார் வைத்து இறைத்துவிடலாம்' என்று அலுவலகக் குறிப்பில் எழுதியிருந்தால் கணக்கைக் கேளுங்கள். மணிக்கு 5 செ.மீ. மழை. வீடும் சாலையுமாக அடைந்த பகுதியில் விழும் தண்ணீரில் எண்பது விழுக்காடு ஓடிவரும். ஒரு ஹெக்டேருக்கு நொடிக்கு 111 லிட்டர். பத்துக் குதிரைத்திறன் மோட்டார் 5 மீட்டர் உயரத்துக்கு நொடிக்குச் சுமார் 90 லிட்டர் இறைக்கும். பத்து ஹெக்டேர் வார்டுக்கு இப்படிப் பதின்மூன்று மோட்டார், அதுவும் கரண்ட் இருந்தால். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளில் மோட்டாரை நம்பி இருக்க முடியாது.

இந்த ஊர்களுக்கு அந்தக் காலத்திலேயே விடை தெரிந்திருந்தது, அதன் பெயர் குளம். ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் இடம் காலியாக இருந்தால் 40 லட்சம் லிட்டர் பிடிக்கும். பத்து ஹெக்டேர் வார்டில் 10 செ.மீ. மழை பெய்தால் ஓடிவருவது 80 லட்சம் லிட்டர். இரண்டு ஏக்கர் குளம் அதை முழுதாக வாங்கிக்கொண்டு ஆற்றின் மட்டம் இறங்கும்வரை வைத்திருக்கும். திருவாரூர்க் கமலாலயம் ஐந்து வேலி, ஏறக்குறைய 33 ஏக்கர். அதில் ஒரு மீட்டர் என்றால் 13 கோடி லிட்டர். மன்னார்குடி ஹரித்ராநதியையும் கும்பகோணத்தின் குளங்களையும் இதே கணக்கில் பாருங்கள். தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும் அதைத் தாண்டி அய்யங்குளத்துக்கும் நிலத்தடிக் கால்வாயில் தண்ணீர் போன ஊர் இது. குளங்களைத் தனித்தனியாக விடாமல் ஒன்றுக்கொன்று கோர்த்து வைத்திருந்தார்கள்.

ஆனால் மன்றத்துக்கு வரும் 'குளம் மேம்பாடு' மதிப்பீடுகளைப் புரட்டினால் நடைபாதை, கிரானைட் இருக்கை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு எழுத்துப் பலகை. வரத்துக்காலும் போக்குக்காலும் கடைசிப் பக்கத்தில் 'தேவைப்படின்' என்று இருக்கும். கரையை உயர்த்தி, சுற்றிலும் சுவர் எழுப்பி, நடைபாதைக்கு அடியில் வரத்துக்குழாயை மூடிவிட்ட குளம் மழையை மட்டும் நம்பும் தொட்டியாகிவிடும். வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் வரத்து, போக்கு இரண்டின் அடிமட்டம், அடுத்து தூர், அப்புறம் படித்துறை, பணம் மிஞ்சினால் நடைபாதை. குளத்தின் அடித்தரையில் கான்கிரீட் போடுவதற்கு ஒருபோதும் கை தூக்காதீர்கள், ஊற்று அடைந்துவிடும். வரத்துக்கால் குளத்தில் விழுவதற்கு முன்னால் ஒரு மண்பிடி தொட்டி அவசியம். உள்ளளவு இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், தொட்டியின் தரை வரத்துக்காலின் அடிமட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே. மண்ணும் பாலிதீனும் அங்கே தங்கும், கூடையால் அள்ளிவிடலாம். தொட்டி இல்லாவிட்டால் குளத்தின் மூலையில் ஐந்தே வருடத்தில் ஒரு மணல் திட்டு.

இதற்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை உண்டு. மழைநீர் வடிகாலில் கழிப்பறைத் தண்ணீர் வரக்கூடாது. வடிகால் தோண்டும்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் நாலங்குலக் குழாய்களை எண்ணிக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். எது மாடித் தண்ணீர், எது சமையலறை, எது செப்டிக் டேங்க் வழிவு என்று. வடிகால் திறந்திருக்கும் அந்தப் பத்து நாள்தான் இதற்கு வாய்ப்பு. மூடிய பிறகு யாருக்கும் தெரியாது, குளத்துக்கு மட்டும் தெரியும்.

பாதாளச் சாக்கடை பற்றி இங்கே சுருக்கமாக. டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும், மண்ணோ வண்டல் மணல். குழாய் இணைப்பில் ஒரு விரற்கடை கசிவு போதும், நீரோடு மணலும் உள்ளே ஓடும். குழாய்க்கு மேலே மண் குறைந்து வெற்றிடமாகி, ஒருநாள் லாரி போகும்போது சாலை உள்வாங்கும். சாக்கடை வாயு அமிலமாகிக் கான்கிரீட் குழாயின் மேல்பகுதியை அரிப்பதும் சேர்ந்துகொள்ளும். 'சாலை உள்வாங்கிய இடத்தில் மண் கொட்டி நிரப்புதல்' என்ற பொருள் ஒரே தெருவுக்கு இரண்டாம் முறை வந்தால் மண் கொட்டுவதை நிறுத்தி, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் மதிப்பீட்டைக் கேளுங்கள்.

அடுத்து சாலை. மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடுகளில் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். காரணம் எல்லோருக்கும் தெரியும்: பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டது. தார் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு செ.மீ. ஏற்றும். சந்துகளில் போடும் கான்கிரீட் சாலை ஒரே முறையில் 15 முதல் 20 செ.மீ. ஏற்றிவிடும், பேவர் கல் மணல் படுகையோடு சேர்த்துப் பத்துக்கு மேல். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு 2021-இல் அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் 'சுரண்டுதல்' என்று ஓர் இனம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், சுரண்டுவதற்கு முன்பு நான்கு வீட்டு நிலைப்படிகளிலிருந்து சாலை நடு எத்தனை செ.மீ. கீழே என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் அதே நான்கு அளவு. சண்டை போடத் தேவையே இல்லை.

சாலையும் வடிகாலும் ஒரே தெருவுக்கு வந்தால் சாலை மட்டத்தை முடிவுசெய்த பின்புதான் வடிகால். மாற்றிச் செய்தால் வடிகாலின் மேல்விளிம்பு சாலையை விட நாலங்குலம் உயர்ந்து நிற்கும். தண்ணீர் சாலையில், வடிகால் காய்ந்தபடி. இதைப் பார்க்காத டெல்டா நகரம் ஒன்றையாவது யாராவது காட்டட்டும்.

இனி நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனை. கொத்தனார் கையில் டியூப் லெவல் இருக்கும், 30 மீட்டருக்கு மேல் நீளமான, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் நிரப்பும்போது ஒரு முனையை வாளியில் அமிழ்த்தி மறுமுனையில் உறிஞ்சி விடுங்கள், நடுவில் காற்றுக்குமிழ் ஒன்றிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். வெயிலில் கிடந்த குழாயை உடனே பயன்படுத்தக் கூடாது, பாதி சூடு பாதி குளிர் என்றால் வித்தியாசம் காட்டும். ஒருவர் வடிகாலின் தலைப்பில், ஒருவர் 30 மீட்டர் தள்ளி, இருவரும் வடிகால் தரையிலிருந்து குழாய்த் தண்ணீர் மட்டம்வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். 1000-க்கு 1 சரிவு என்றால் கீழ்முனை அளவு 3 செ.மீ. கூடுதலாக வர வேண்டும். ஒன்றுதான் வருகிறது என்றாலோ, குறைகிறது என்றாலோ வடிகாலுக்கு மூடிப் பலகை போட விடாதீர்கள். பத்து முறை நகர்த்தினால் 300 மீட்டரும் முடிந்துவிடும், ஒரு மணி நேர வேலை.

அதற்கும் மேல், மூடிப் பலகை போடுவதற்கு முன் ஒரு லாரித் தண்ணீர், 6000 லிட்டர், மேல்முனையில் திறந்துவிடச் சொல்லுங்கள். அரைமணி கழித்து நடந்து பாருங்கள். எங்கே விரல் கணு அளவுக்கு மேல் தண்ணீர் நிற்கிறதோ அங்கே சாக்பீஸில் கோடு. அந்த இடத்தைச் சீர்செய்த பின்பே பில். ஒப்பந்ததாரருக்கும் இது நல்லது, இரண்டு வருடம் கழித்து உடைத்துக் கட்டச் சொல்லி யாரும் வர மாட்டார்கள்.

பலகையைப் பற்றி ஒரு சொல். நடைபாதை ஆகட்டும் என்று வடிகாலை ஒரே கான்கிரீட்டாக மூடிவிடுகிறார்கள். தூர் வாருவது எப்படி? உள்ளே ஆள் இறங்க வேண்டும். 2013-இன் சட்டம் கையால் கழிவு அகற்றுவதைத் தடைசெய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. பலகை ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் எடையில், கொக்கி போட்டு, கழற்றும்படி இருக்க வேண்டும். மூன்றடி ஆழ வடிகாலுக்குள் ஆளை அனுப்பாமல் தெருவிலிருந்தே மண்வெட்டியால் வாரலாம். வாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது: இரண்டடி வடிகாலில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் மண் சேர்ந்தால் கடத்தும் அளவு நாற்பது விழுக்காடு போய்விடும். கான்கிரீட்டின் தரம் பற்றி நிறையப் பேசுவார்கள், நாங்கள் ஒன்று மட்டும் சொல்கிறோம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட், அதற்குப் பத்து நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூட. சாக்கு போட்டு நனைக்காமல் இரண்டாம் நாளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரும் வடிகால் சுவரில் அடுத்த வருடமே வெடிப்பு விழும்.

இவ்வளவும் தொழில்நுட்பம். இனி உங்கள் கையில் மட்டும் இருக்கும் விஷயம். வடிகால் வார்டுப்படி ஒதுக்கப்படுகிறது, தண்ணீர் வார்டுப்படி ஓடுவதில்லை. 14-ஆவது வார்டு உறுப்பினர் கேட்டு வாங்கிய 300 மீட்டர், 15-இன் எல்லையில் ஒரு சுவரோடு நின்றுவிடும், 15-க்கு நிதி அடுத்த வருடம். வடிகால் எப்போதும் சேருமிடத்திலிருந்து மேல்நோக்கித்தான் கட்டப்பட வேண்டும். அப்படியானால் பணம் முதலில் கீழ் வார்டுக்குப் போகும், மேல் வார்டுக்காரர் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதை எந்தப் பொறியாளரும் முடிவு செய்ய முடியாது, மன்றத்தில் நீங்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆகும். 2028-இல் மகாமகம் வருகிறது, கும்பகோணத்தில் ஒரே நேரத்தில் நிறையப் பணிகள் இறங்கும். அவசரத்தில் தெருத்தெருவாகப் பிரித்துக் கட்டினால் இணையாத துண்டுகள்தான் மிஞ்சும்.

எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். எந்தப் படிவரை ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று மூன்றும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தை மதிப்பீட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். நகர அளவைப் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருக்கும் துண்டு இப்போது யார் வீட்டுக் கொல்லையாக இருக்கிறது என்பதும் அங்கே தெரிந்துவிடும். அதைப் பேசுவது சங்கடமான வேலை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் வடிகால் பொருள் எது வந்தாலும், அனுமதிக்கும் தீர்மானத்தின் கடைசியில் இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்:

'இப்பணியின் நீளவாட்டு மட்டப்படம், வடிகால் சேருமிடத்தின் அடிமட்டம், அவ்விடத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிற்கும் நீர்மட்டம் ஆகியவை மன்றத்தின் முன் வைக்கப்பட்ட பின்பே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும். கட்டுமானம் சேருமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். மூடிப் பலகை இடுமுன் வார்டு உறுப்பினர் முன்னிலையில் தண்ணீர் விட்டுப் பார்த்து, முடிவை அளவுப் புத்தகத்தில் பதிவு செய்த பிறகே இறுதிப் பட்டியல் அனுமதிக்கப்பட வேண்டும்.'

இப்படிக்கு,
காவிரிக் கரை நகரங்களில் மட்டக்கோல் பிடித்த சிலர்